ஒரு புக்கு, ஒரு கறிவேப்பிலைச் செடி: ஹோம்ஸ்கூலிங் ஆரம்பிக்கிறவங்களுக்கு

பிள்ளைக்கு இனி வீட்லயே பாடம், ஹோம்ஸ்கூலிங்னு முடிவு பண்ணதும் நிறைய பேர் முதல்ல ஓடிப்போய் வாங்குறது ஒரு வெள்ளை போர்டும் நாலஞ்சு ஒர்க்புக்கும். முதல் ஆறு மாசத்துக்கு அதெல்லாம் வேணாம். ஸ்கூலை அப்படியே வீட்டுக்குள்ள தூக்கிட்டு வர்றதுக்கு பிள்ளையை ஸ்கூலுக்கே அனுப்பிடலாம், அங்க விளையாட கூட்டாவது இருக்கும்.

நான் சொல்ற முறை புதுசு இல்ல. இங்கிலாந்துல சார்லட் மேசன்னு (1842–1923) ஒரு டீச்சரம்மா, நல்ல புத்தகம், சின்னச் சின்ன பாடம், மீதி நேரம் வெளியில, இதுதான் அவங்க வழி. ஆறு வயசுக்கு முன்னாடி முறையான பாடமே வேணாம்னாங்க. அவங்க ஊரு குளிரு, அவங்க புத்தக லிஸ்ட் ரெண்டையும் விட்ருங்க, ரெண்டு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கலாம்.

முதல் பழக்கம், வாசிச்சதை திருப்பிச் சொல்றது. ஒரு பக்கம், ரெண்டு பக்கம், ஒரே ஒரு தடவை சத்தமா வாசிங்க. மூடி வச்சுட்டு "இப்ப நீ எனக்கு சொல்லு". அவ்ளோதான். ராஜா பேரு என்ன, அவருக்கு எத்தனை பசங்கன்னு கேள்வி கேக்க ஆரம்பிச்சீங்கன்னா பிள்ளை கதையை விட்டுட்டு உங்க மூஞ்சியைப் பாத்து பதில் தேட ஆரம்பிச்சிடும். நடுவுல தப்பா சொன்னாலும் குறுக்க பேசாம இருக்கணும், இதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை, பிள்ளைக்கு இல்ல நமக்கு. ஒரு தடவைதான் வாசிப்போம்னு தெரிஞ்சா தானா காது குடுக்கும். எழுதச் சொல்றதுக்கு ஒரு பத்து வயசு ஆகட்டும், அதுவரைக்கும் வாய்தான்.

தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு. புக்ல "கிடைத்தது"ன்னு இருக்கும், வீட்ல நாம "கெடச்சுச்சு"ம்போம், உடனே பிள்ளைக்குப் புரியாதுன்னு மாத்தி மாத்தி வாசிக்காதீங்க. இருக்கறபடியே நிதானமா வாசிங்க, முதல்ல கொஞ்சம் முழிக்கும், போகப்போக காது பழகிடும். திருப்பிச் சொல்றப்ப அது பேச்சுத் தமிழ்லதான் சொல்லும், சொல்லட்டும், அதைத் திருத்த வேணாம்.

எது நல்ல புக்குன்னா, ஒரு பக்கத்தை நீங்களே சத்தமா வாசிச்சுப் பாருங்க, உங்களுக்கே கொட்டாவி வந்தா திருப்பி வச்சிடுங்க. துணுக்கு துணுக்கா தகவல் அடுக்கின "பொது அறிவு" வகையறாவும் வேணாம். நேஷனல் புக் டிரஸ்ட்ல குழந்தைங்க புக்கு விலை கம்மி, ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ்க் கதைங்க இலவசம், சென்னைல அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைல 2023-ல திறந்த கலைஞர் நூலகம் ரெண்டுலயும் குழந்தைங்களுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா மா. கிருஷ்ணன், தியடோர் பாஸ்கரன் எழுதின இயற்கைக் கட்டுரைங்களை கொஞ்சங்கொஞ்சமா வாசிச்சுக் காட்டலாம்.

ரெண்டாவது பழக்கம் நேச்சர் ஸ்டடி, அதாவது சுத்தி இருக்கற செடி, பூச்சி, பறவையை கவனிக்கிறது, இதுக்கு காட்டுக்கெல்லாம் போக வேணாம், தொட்டில ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். மருந்து மட்டும் அடிக்கக் கூடாது, வேப்பெண்ணெய்கூட வேணாம். கொஞ்ச நாள்ல இலைமேல பறவை எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், உத்துப் பாத்தா அது புழு. பெருசானா பச்சையாயிடும், குச்சியால லேசா தொட்டா தலைக்குப் பின்னாடி செவப்பா ரெண்டு கொம்பு வெளிய வரும், ஒரு நெடியும் அடிக்கும், பசங்க இதை விடவே மாட்டாங்க. அப்புறம் இடுப்புல நூல் கட்டி தொங்குற கூடு, அப்புறம் கறுப்பா ஒரு பட்டாம்பூச்சி. அதுல சில பொண்ணு பட்டாம்பூச்சிக்கு மட்டும் செவப்பு புள்ளி இருக்கும், ஏன்னா அது வேற ஒரு பட்டாம்பூச்சியைக் காப்பி அடிக்குது, அந்தப் பட்டாம்பூச்சியோட புழு ஆடுதீண்டாப்பாளைங்கற விஷச்செடியைத் தின்னு வளர்றதால பறவைங்க அதைத் தின்னாது. இதை நீங்களா முன்கூட்டி சொல்லிடாதீங்க, "இது ஏன் வேற மாதிரி இருக்கு?"ன்னு பிள்ளை கேக்கட்டும், அன்னைக்கு எடுங்க புக்கை.

கோடு போடாத ஒரு நோட்டு குடுங்க. தேதி, எங்க பாத்தது, ஒரு படம். புழு வாழைப்பழம் மாதிரி இருந்தாலும் பரவாயில்ல, நீங்க வரைஞ்சு குடுத்துடாதீங்க (அப்பாக்கள்தான் இதுல அதிகமா கை வைக்கிறது). பறவைன்னாலும் அப்படித்தான், பேரை கடைசில சொல்லுங்க, முதல்ல வால் எப்படி இருந்துச்சு, நடந்துச்சா தத்துச்சான்னு கேளுங்க. குயில்ல ஆணு கறுப்பு, பொண்ணு பழுப்புல வெள்ளைப் புள்ளி, ரெண்டும் வேற வேற பறவைன்னே பசங்க ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருப்பாங்க, இருக்கட்டும். பறவை பேரைக் கண்டுபிடிச்சு சொல்ற மெர்லின் ஆப் நல்லாதான் இருக்கு, ஆனா அதை முதல்லயே ஆன் பண்ணா யாரும் மேல நிமிந்து பாக்க மாட்டாங்க. நம்ம வெயிலுக்கு காலைல ஆறு ஆறரைக்கு மாடில நின்னாலே போதும். பொங்கல் லீவுல தமிழ்நாடு முழுக்க பறவை கணக்கெடுப்பு நடக்கும், பதினஞ்சு நிமிஷம் எண்ணி ஈபேர்ட்ங்கற பறவைக் கணக்கு சைட்ல லிஸ்ட் போட்டா உங்க வீட்டு காக்கா மைனாவும் அதுல சேந்துடும்.

கணக்கு இப்படி வராது. பூ இதழை எண்ணி கணக்கு கத்துக்கலாம்னு சொல்றவங்களை நம்பாதீங்க, தினம் இருபது நிமிஷம் தனியா உக்காந்து போட்டே ஆகணும்.

"சர்டிஃபிகேட்டுக்கு என்ன பண்ணுவ"ன்னு மாமியார்ல இருந்து பக்கத்து வீடு வரைக்கும் கேப்பாங்க. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்குமான பிள்ளைங்களுக்கு, ஆனா ஹோம்ஸ்கூலிங்குக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டம் கிடையாது. பரீட்சைக்கு மத்திய அரசோட என்ஐஓஎஸ் ஓபன் ஸ்கூல் இருக்கு, 14 வயசு முடிஞ்சா நேரா பத்தாவது எழுதலாம். ஸ்கூல்ல இருந்து பாதில எடுக்கறீங்கன்னா டிசியை மறக்காம வாங்கிடுங்க, பர்த் சர்டிஃபிகேட்லயும் ஆதார்லயும் பேரு, இனிஷியல் ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே பாத்துக்குங்க, அட்மிஷன் போடுற நேரத்துல அதுக்குத்தான் அலைய வேண்டி வரும்.