குழந்தைக்குக் குடல்வால் ஆபரேஷன்: துளையா, கீறலா என்று ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

"லேப்ராஸ்கோப்பி என்றால் சின்ன ஆபரேஷன், வயிற்றைக் கிழித்தால் பெரிய ஆபரேஷன்." ஸ்கேனில் அப்பெண்டிக்ஸ் (குடல்வால் அழற்சி) என்று தெரிந்ததும் பெற்றோர் போடும் முதல் கணக்கு இது. அதுவே தப்புக் கணக்கு. இரண்டுக்கும் முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். உள்ளே நடக்கும் வேலையும் ஒன்றுதான்: குடல்வாலுக்கு வரும் ரத்தக்குழாயை அடைத்து, அடிப்பகுதியைக் கட்டி, வெட்டி எடுப்பார்கள். போகும் வழிதான் வேறு. லேப்ராஸ்கோப்பியில் கேமராவும் கருவிகளும் நுழைய, பெரும்பாலும் 5 முதல் 10 மி.மீ. அளவில் மூன்று துளைகள். மற்றதில் வலது அடிவயிற்றில் சில செ.மீ. நீளத்துக்கு ஒரு கீறல்.

ஒல்லியான ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கீறலும் சிறியதாகவே இருக்கும். உடம்பு பருத்த பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கொழுப்பைத் தாண்டிப் போகவே கீறலை நீட்ட வேண்டிவரும், புண்ணும் எளிதில் சீழ் பிடிக்கும். துளைவழியால் அதிக லாபம் அவனுக்குத்தான். வயதுக்கு வந்த பெண் பிள்ளை என்றால், வலி சினைப்பையிலிருந்து வருகிறதா என்பதையும் கேமராவிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்த தவறு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது. "அவனுக்கு லேப்ராஸ்கோப்பி, ரெண்டே நாளில் வந்துட்டான்" என்பார்கள். அவனுக்குக் குடல்வால் வெடிக்காமல் இருந்திருக்கும். வெடித்திருந்தால் எந்த வழியில் எடுத்தாலும் பல நாள் ஊசிமருந்து ஏறும். 2018-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு (பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுவது) குழந்தைகளிடம் நடந்த 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. துளைவழியில் புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு. ஆஸ்பத்திரி வாசம் சராசரியாக ஒரு நாளுக்கும் சற்றுக் குறைவாகவே மிச்சமாகிறது. வயிற்றுக்குள் சீழ் கட்டுவதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நல்ல லாபம்தான், ஆனால் விளம்பரப் பலகையில் பார்க்கிற அளவுக்கு இல்லை.

இந்த லாபத்துக்காக ஊர் ஊராக அலைவதுதான் எல்லாவற்றிலும் மோசம். சின்னக் குழந்தைகளுக்கு வலியைச் சொல்லத் தெரியாது. ஐந்து வயதுக்குக் கீழே பலருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதே குடல்வால் வெடித்திருக்கும். கை பழகிய சர்ஜனும், குழந்தைக்கு மயக்கம் கொடுக்கத் தெரிந்த டாக்டரும் இருக்கும் இடத்தில் கீறல்தான் போடுவோம் என்றால், போடட்டும். காத்திருக்கும் நேரத்தில் "வயிறு சுத்தமாகட்டும்" என்று விளக்கெண்ணெயோ எனிமாவோ கொடுக்கவே கூடாது. பசிக்கிறது என்று பிஸ்கட்டும் வேண்டாம், மயக்கம் கொடுப்பது தள்ளிப்போகும்.

துளையில் தொடங்கிக் கீறலில் முடித்தால் டாக்டர் சொதப்பிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. குடல் ஒட்டிக்கிடந்தாலோ ரத்தம் கசிந்தாலோ அந்த இடத்தில் வழியை மாற்றுவது சரியான முடிவு. இதற்கும் சேர்த்துத்தான் முன்கூட்டியே கையெழுத்து வாங்குகிறார்கள்.

துளைவழிக்குப் பிறகு பிள்ளை "தோள் வலிக்குது" என்றால் பதற வேண்டாம். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்தும். அதன் நரம்பு வழியாகத் தோளில் வலி தெரியும். ஓரிரு நாளில் போய்விடும். பதற வேண்டியது வேறொன்றுக்கு. வீட்டுக்கு வந்த ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி காய்ச்சல், அடிவயிற்று வலி, கொஞ்சம் கொஞ்சமாகச் சளியோடு அடிக்கடி மலம் என்றால், பேதி என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்காதீர்கள். இடுப்புக்குழியில் சீழ் கட்டியிருக்கலாம். துளையோ கீறலோ, அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்தில் காட்டி ஸ்கேன் எடுக்க வேண்டும்.