பாலஸ்தீனத் தத்ரீஸ்: எட்டு முனை நட்சத்திரம் போடுவது எப்படி?

பாலஸ்தீனப் பெண்கள் தங்கள் நீளமான 'தோப்' உடையின் மார்பிலும் கையிலும் விளிம்பிலும் போடும் பூவேலைக்குத் தத்ரீஸ் என்று பெயர். பெரும்பாலும் கிராஸ் ஸ்டிட்ச்தான், அதாவது ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி போல ஒரு தையல். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, முழுக்க முழுக்க எண்ணிக்கை. சைப்ரஸ் மரம், பாஷாவின் கூடாரம் என்று நிறைய வடிவங்கள் இருந்தாலும், முதன்முதலில் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது எட்டு முனை நட்சத்திரம். 'பெத்லகேம் நிலா' என்றும் இதைச் சொல்வார்கள். ஒரே ஒரு இதழ் பிடிபட்டால் போதும், மற்ற ஏழும் அதையே திருப்பிப் போடுவதுதான். சார்ட் கூட வேண்டாம்.

ஊசியில் நூல் கோப்பது, துணி ஓரம் பிரியாமல் மடித்து அடிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

என்ன வேண்டும்

14 கவுண்ட் ஐடா துணி, ஒரு சாண் சதுரம். 14 கவுண்ட் என்றால் ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம். பள்ளியில் தையல் வகுப்புக்கு வாங்குவோமே மேட்டி துணி, அதுவும் ஆகும், ஆனால் கடைசியில் ஒரு குறிப்பு இருக்கிறது, பார்த்துவிட்டு வாங்குங்கள். ஊசி 24ஆம் நம்பர், முனை மழுங்கியது. கூர் ஊசி இழையைக் குத்திப் பிளந்துவிடும்.

நூலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆங்கர் அல்லது டிஎம்சி காட்டன், ஆறு இழை கொண்டது. விலை குறைந்த பளபள நூல் நாலு தடவை துணிக்குள் போய் வந்ததும் பிசிறு தட்டிவிடும். நிறம் சிவப்பு, அதிலும் ஆழ்ந்த சிவப்பு. நான் எடுப்பது டிஎம்சி 815. ரமல்லாப் பகுதியின் பழைய உடைகள் வெள்ளை லினனில் சிவப்பு நூல் வேலைக்குப் பேர்போனவை. முன்பு பட்டு நூலில்தான் போட்டார்கள். 1930கள் வாக்கில் டிஎம்சி பருத்தி நூல் பரவியது, கூடவே ஐரோப்பியப் பூ, பறவை வடிவங்கள் அச்சிட்ட தாள்களும் வந்தன. இன்று தத்ரீஸ் என்று இணையத்தில் பார்க்கும் ரோஜாக் கொடிகள் பல அந்த வழியில் வந்தவை. இந்த எட்டு முனை நட்சத்திரம் அவற்றுக்கு மூத்தது.

நடுவைக் குறிப்பது

துணியை நாலாக மடித்து நடுக் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கட்டம் வழியாக மேலிருந்து கீழாக ஒன்று, இடமிருந்து வலமாக ஒன்று, வெளிர் நூலில் ஓட்டுத் தையல் போடுங்கள். இந்த இரண்டு வரிசையும் நட்சத்திரத்தில் காலியாகவே இருக்கும், அதனால் முடித்ததும் சுலபமாக உருவிவிடலாம்.

இப்போதே துணியின் மேல் விளிம்பில் ஒரு பச்சை நூலால் சின்னதாக ஒரு தையல் போட்டு வையுங்கள். "இந்தப் பக்கம்தான் மேலே" என்பதற்கான அடையாளம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் இதழ்

ஒரு மீட்டர் நீளத்தில் ஒற்றை இழை உருவி, இரண்டாக மடித்து, வெட்டிய இரு முனைகளையும் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். முதல் அரைத் தையல் (கிராஸின் ஒரு சாய்வுக் கோடு) முடிந்து ஊசி பின்பக்கம் வரும்போது, மடிப்புக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் நூல் நின்றுவிடும். முடிச்சே வேண்டாம். தத்ரீஸில் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துத்தான் கைத்திறனை மதிப்பார்கள்.

நடுக் கட்டத்திலிருந்து ஒன்று வலப்பக்கம், இரண்டு மேலே. அதுதான் முதல் கட்டம். அங்கிருந்து மேல்நோக்கி நான்கு கட்டம், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் கீழ் இடது துளையில் ஊசியை மேலே எடுத்து, மேல் வலது துளையில் உள்ளே விடுங்கள். நான்கு அரைத் தையலும் முடிந்ததும் இறங்கி வருகிறோம்: மேல் இடது துளையில் எடுத்து, கீழ் வலது துளையில் விட வேண்டும். நான்கு முழுக் கிராஸ் ஆயிற்று. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகள் மட்டுமே இருக்க வேண்டும்.

அடுத்த வரிசை ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி, ஒரு கட்டம் மேலே ஏறி ஆரம்பிக்கும். மறுபடி நான்கு. மூன்றாவது, நான்காவது வரிசையும் அப்படியே. ஆக, ஒரு இதழுக்கு 16 கிராஸ். கடைசிக் கிராஸ் நடு வரிசையிலிருந்து சரியாக 8 கட்டம் மேலேயும், 4 கட்டம் வலப்பக்கமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரித்துவிடுங்கள், ஏனென்றால் ஒரு கட்டப் பிழை எட்டாவது இதழில் முனை கோணிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது இதழ், திருப்பாமல்

இது முதல் இதழின் சாய்வுப் பிரதிபலிப்பு. நடுவிலிருந்து இரண்டு வலப்பக்கம், ஒன்று மேலே ஆரம்பித்து, வலப்பக்கமாகப் படுக்கையில் நான்கு. அடுத்த வரிசை ஒன்று மேலே, ஒன்று வலப்பக்கம் தள்ளி. கடைசிக் கிராஸ் 8 வலப்பக்கம், 4 மேலே. இரண்டு இதழுக்கும் நடுவே சாய்வாக ஒரு கட்ட வரிசை காலியாக ஓடும்.

படுக்கை வரிசை வந்ததும், "துணியைக் கால் வட்டம் திருப்பினால் இதுவும் நெட்டு வரிசைதானே" என்று கை தானாகத் திரும்பும். திருப்பாதீர்கள். ஒவ்வொரு கிராஸிலும் மேலே படுத்திருக்கும் கால் ஒரே திசையில் சாய வேண்டும். துணியைக் கால் வட்டம் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி நேராக்கினால், மேல்கால் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். கட்டக் கணக்கில் பிழை இருக்காது, கிட்டப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது. ஆனால் வெளிச்சம் படும்போது நாலு இதழ் மினுங்கும், நாலு மங்கலாக இருக்கும். பச்சைத் தையல் இதற்காகத்தான். அது எப்போதும் மேலேயே இருக்கட்டும். துணி கையில் இடைஞ்சலாக இருந்தால் தலைகீழாக, அதாவது அரை வட்டம் திருப்பலாம், சாய்வு மாறாது.

படுக்கை வரிசையிலும் முதலில் கீழ் இடதிலிருந்து மேல் வலது. திரும்பி வரும்போது கீழ் வலதில் எடுத்து மேல் இடதில் விடுங்கள். இப்போது பின்பக்கம் நெட்டுக் கோடுகள் தெரியும்.

மற்ற ஆறு இதழ்களையும் ஓட்டுத் தையலின் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இதே கணக்கில் போடுங்கள். மொத்தம் 128 கிராஸ், 17க்கு 17 கட்டம், 14 கவுண்டில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு நூல் கட்டில் பத்து நட்சத்திரம் தாராளமாக வரும்.

இந்த வேலையை 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முன்பெல்லாம் உடையின் வேலையைப் பார்த்தே எந்த ஊர்ப் பெண் என்று சொல்லிவிடுவார்கள். 1948 போருக்குப் பிறகு பல ஊர்க்காரர்களும் அகதி முகாம்களில் சேர்ந்து வாழ நேர்ந்தபோது வடிவங்களும் கலந்தன. 1987இல் முதல் இன்டிஃபாடா, அதாவது இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான மக்கள் எழுச்சி, தொடங்கிய காலத்தில் பாலஸ்தீனக் கொடி பிடிக்கத் தடை இருந்ததால், கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் உடையிலேயே தைத்துப் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் போட்டதை யாருக்காவது காட்டும்போது, இது பாலஸ்தீன வேலை என்று சொல்லிக் காட்டுங்கள். வெறும் 'எத்னிக் டிசைன்' என்று இதை விற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கருத்துகளைப் பார்த்தபின் சேர்த்தவை

மேட்டி துணியில் நட்சத்திரம் நீண்டுபோனதாக ஒருவர் படம் அனுப்பியிருந்தார். சில மேட்டியில் நெட்டு இழையும் குறுக்கு இழையும் ஒரே நெருக்கத்தில் இருக்காது. கடையிலேயே ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்று எண்ணிப் பாருங்கள். சமமாக இல்லாவிட்டால் வேண்டாம். கட்டம் பெரிதாக இருந்தால் மூன்று இழை வைத்துக்கொள்ளுங்கள்.

பிளவுஸ் துணியில் நேரடியாகப் போட முடியுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். எண்ண முடியாத நெருக்கமான நெசவுக்கு வேஸ்ட் கான்வாஸ் வேண்டும், அதாவது மேலே வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு உருவி எடுத்துவிடும் கட்டத் துணி. பாலஸ்தீனத்திலும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். கான்வாஸை மேலே வைத்து நாலு பக்கமும் ஓட்டுத் தையல் அடித்து, இரண்டு துணியையும் சேர்த்துப் போடுங்கள். இங்கே மட்டும் கூர் ஊசி தேவை, மழுங்கியது பிளவுஸ் துணியில் இறங்காது. ஊசி கான்வாஸின் துளையில் போக வேண்டும். அதன் இழையைக் குத்திவிட்டால் பிறகு உருவ வராது. முடிந்ததும் கான்வாஸை லேசாக நனைத்து, ட்வீசரால் ஒவ்வொரு இழையாக உருவுங்கள், முதலில் ஒரு திசை முழுவதும், பிறகு மற்றது.

சிவப்புச் சாயம் இறங்குமா என்ற கேள்விக்கு: ஆரம்பிக்கும் முன்பே ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். முடித்த வேலையைத் தண்ணீரில் அலசி, டவலில் குப்புறப் போட்டுப் பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள்.