மின்சார காரா, பெட்ரோல் காரா? கணக்கை கரண்ட் பில்லில் தொடங்குங்கள்

"கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார்" என்று ஷோரூமில் சொல்வது, யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்துப் போட்ட கணக்கு. தமிழ்நாட்டு வீட்டு மீட்டரில் பெரும்பாலும் அந்த விலைக்கு ஓடாது.

கடைசி இரண்டு மாத பில்லை எடுங்கள். 400 யூனிட் ஓடியிருந்தால் சுமார் 1,175 ரூபாய் வந்திருக்கும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டி, முழுக்க வீட்டிலேயே சார்ஜ் போட்டால் இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் கூடும். 2024 ஜூலையில் உயர்ந்த வீதப்படி பில் 4,000 ரூபாயை ஒட்டிப் போகும். காரின் யூனிட் எல்லாம் விலை அதிகமான மேல் ஸ்லாபில்தான் விழுகின்றன; 500-ஐத் தாண்டியதும் 101–200 யூனிட்டுக்கான மலிவு விலையும் போய்விடுகிறது. ஆக காருக்கு யூனிட் சுமார் 9 ரூபாய். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து சராசரி எடுத்தால் இது கண்ணில் படாது. கூரையில் சோலார் இருந்தால் கணக்கே வேறு.

டாஷ்போர்டு யூனிட்டுக்கு 7 கி.மீ. காட்டினாலும் சார்ஜ் ஏறும்போது 10–15% வீணாகிறது. மீட்டர் கணக்கில் கி.மீ.க்கு 0.16 யூனிட் வையுங்கள். வெளியே ஃபாஸ்ட் சார்ஜர் 18% ஜிஎஸ்டியோடு யூனிட் 24 ரூபாய் என்று கொள்வோம். வீட்டில் 80, வெளியே 20 சதவீதம் என்றால் கி.மீ.க்கு 1.92 ரூபாய். பெட்ரோல் 101 ரூபாய், நகரத்தில் லிட்டருக்கு 14 கி.மீ. என்றால் 7.20. மிச்சம் சுமார் 5.30. அபார்ட்மெண்டில் சொந்த பாயிண்ட் இல்லாமல் முழுக்க வெளி சார்ஜரை நம்பினால் மிச்சம் 3.40-க்கு இறங்கிவிடும், அங்கே நாங்கள் பெட்ரோலையே சொல்வோம்.

அடுத்தது விலை. எக்ஸ்-ஷோரூம் விலையைத் தொடாதீர்கள், ஆன்-ரோடு விலையை மட்டும் ஒப்பிடுங்கள். 10–20 லட்ச பெட்ரோல் காருக்கு இங்கே சாலை வரி 15%. மின்சார காருக்குத் தரும் விலக்கு புக் செய்யும் தேதியில் அமலில் இருக்கிறதா என்று ஆர்டிஓவில் கேளுங்கள். மின்சார வண்டிக் கடனின் வட்டிக்கு வருமான வரியில் தரும் 80இஇபி கழிவைக் கணக்கில் சேர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 மார்ச் 31-க்குப் பிறகு அனுமதியான கடனுக்கு அது கிடையாது.

ஆன்-ரோடில் 3 லட்சம் கூடுதல் என்று வைப்போம். அதை 9% வட்டியில் ஐந்து வருடக் கடனாக எடுத்தால் திருப்பிக் கட்டுவது 3.74 லட்சம். வீட்டு வயரிங், எர்த்திங் 20,000. இன்சூரன்ஸ் வருடம் 5,000 கூடும் (தேர்ட் பார்ட்டியில் 15% தள்ளுபடி உண்டு, சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் அதை விழுங்கிவிடும்). சர்வீஸில் மிச்சமாகும் 5,000 அதற்குச் சரியாகப் போகும். 3.94 லட்சத்தை 5.30-ஆல் வகுத்தால் 74,000 கி.மீ. சொச்சம். ஐந்து வருடத்துக்குள் முதலை எடுக்க மாதம் 1,240 கி.மீ. ஓட வேண்டும். மாதம் 600 ஓட்டுபவருக்குக் கட்டுப்படியாகாது. உங்கள் டீலர் கொட்டேஷனையும் பில்லையும் வைத்து இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

7.2 கிலோவாட் சார்ஜர் கேட்டால் பெரும்பாலும் சாங்ஷன் லோடை (வீட்டு இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த கிலோவாட் அளவு) கூட்ட வேண்டும். த்ரீ-பேஸ் மாற்றமும் டெபாசிட்டும் தனிச் செலவு. தினம் 50 கி.மீ. ஓட்டுபவருக்கு 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுக்கப் போட்டாலே போதும். அதற்கென்று தனி எம்சிபியும் (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்) 4 சதுர மி.மீ. வயரும் இழுத்துவிடுங்கள், ஏர் கண்டிஷனர் லைனில் சொருகினால் பிளக் உருகக்கூடும்.

டயர் சீக்கிரம் தேயும், வண்டி கனம். பேட்டரி வாரண்டி பொதுவாக 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ.; எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், இரண்டாவது உரிமையாளருக்கும் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள், விற்கும்போது விலையைத் தீர்மானிப்பது அதுதான். வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி மழைக்குத் தண்ணீர் நிற்கும் பகுதி என்றால் பேட்டரிக்குள் நீர் புகுந்த சேதத்துக்கான இன்சூரன்ஸ் ஆட்-ஆனை முதல் வருடத்திலேயே எடுங்கள். தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் ஜீரோ டெப் மட்டும் போதாது.