ராஜ்மாச்சி அடிவாரத்தில் ஓர் இரவு: மும்பையிலிருந்து நண்பர்களோடு செல்வோருக்கு

மும்பையிலிருந்து ஓர் இரவு தங்கித் திரும்பக்கூடிய பழைய கோட்டைகளில், முதன்முறையாகக் கூடாரத்தில் படுக்கப்போகும் நண்பர்களுக்கு நான் சொல்வது ராஜ்மாச்சியைத்தான். ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்று இரண்டு கோட்டைகள், அவற்றுக்கு நடுவே காலபைரவர் கோயில், காலடியில் உதேவாடி என்ற சிற்றூர். கொங்கணக் கரையையும் புணே பக்கத்து மேட்டு நிலத்தையும் இணைத்த போர்காட் கணவாயைக் கண்காணிக்கும் உயரத்தில் இருந்ததால் இதற்காகப் பலர் மோதிக்கொண்டார்கள். 1657இல் சிவாஜி கைப்பற்றினார். 1704இல் ஔரங்கசீப்பின் படை பிடித்தது. மறு ஆண்டே மராத்தியர் மீட்டனர். 1818இல் ஆங்கிலேயர் வசமானது.

கூடாரத்தை எங்கே அடிப்பது என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். உதேவாடியில் ஒரு வீட்டு முற்றத்திலோ, கேட்டு அனுமதி வாங்கிய வயலிலோதான் அடிக்க வேண்டும். கோட்டை மதிலுக்குள்ளும் குகைக்குள்ளும் கூடாது. பாதுகாக்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்துவோருக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்று 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். சுண்ணாம்பு உதிர்ந்துபோன மதிலில் ஒரு கூடார முளையை அடித்தால் அந்த இடுக்கில் மழைநீர் இறங்கும், அடுத்த ஆண்டு அங்கே ஓர் அரசங்கன்று வேர் விடும், சில ஆண்டுகளில் அந்தக் கல் வெளியே தள்ளப்படும். இரவை ஊரில் கழித்துவிட்டு விடியற்காலையில் கோட்டைக்கு ஏறுவதே சரியான முறை.

போக இரண்டு வழிகள் உண்டு. லோனாவாளாவிலிருந்து துங்கார்லி வழியாகச் செல்லும் பாதை சுமார் 15 கிலோமீட்டர். தூரம் அதிகம், ஏற்றம் குறைவு. கர்ஜத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கொண்டிவாடே ஊருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே செங்குத்தாக ஏறுவது மற்றொன்று. சுமையோடு ஏற மூன்று, நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் விரும்புவது இரண்டாவது வழியைத்தான், காரணம் அந்த வழியில் உள்ள கொண்டாணே குகைகள். தாதரிலோ குர்லாவிலோ காலையில் கர்ஜத் லோக்கல் ரயிலைப் பிடித்தால் மதியத்துக்கு முன்பே குகையை அடைந்துவிடலாம். கடைசி லோக்கலில் வந்து இரவோடு இரவாக ஏறுவோரும் உண்டு. வழி தெரிந்தவர் ஒருவரும் இல்லாத குழு அதைச் செய்யவே கூடாது. காட்டுக்குள் பாதை பல இடங்களில் கிளை பிரிகிறது, டார்ச் வெளிச்சத்தில் எல்லாக் கிளையும் பாதையாகவே தெரியும்.

குகையில் ஒரு மணி நேரமாவது இருங்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் பௌத்தத் துறவிகளுக்காகக் குடைந்த இடம் இது. வழிபாட்டு மண்டபத்தின் முகப்பை அண்ணாந்து பார்த்தால், மரவீடு கட்டும் தச்சரின் வேலை அப்படியே கல்லில் இருப்பது புலப்படும். சட்டம், உத்தரம், பலகணி அழி என எதையும் விடவில்லை, கல்லுக்குத் தேவையே இல்லாத முட்டுகளைக் கூடச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே தூண்கள் பலவற்றின் கீழ்ப்பகுதி அரித்துப்போய், மேற்பகுதி மட்டும் கூரையிலிருந்து தொங்குவதுபோல் நிற்கிறது. முகப்பின் ஓரத்தில் சிதைந்த ஒரு சிலையின் தலைப்பகுதி. அதன் அருகே ஒரே ஒரு வரி பிராமி எழுத்து. கண்ஹனின் மாணவன் பாலகன் செய்தது என்பது அதன் பொருள். ஆசிரியர் பெயரை முதலில் சொல்லிவிட்டுத் தன் பெயரைச் சொன்ன அந்தக் கைவினைஞனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அங்கே எதையும் தொடாதீர்கள், அடுப்பு மூட்டாதீர்கள். புகை கல்லில் கரியாகப் படிவது ஒருபுறமிருக்க, பாறை இடுக்குகளில் தேன்கூடுகள் இருக்கும். புகையும் கூச்சலும் தேனீக்களைக் கிளப்பிவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூடாரத்துக்கு ஏற்ற காலம். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மின்மினிகளைப் பார்க்கக் கூட்டம் வரும். அப்போது போவதானால் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார வேண்டும், இல்லையென்றால் அவற்றின் ஒளி நமக்குத் தெரியாது என்பதோடு, அவை தம் துணையைத் தேடுவதும் கெடும். கொட்டும் மழையில் கொண்டாணே வழி வழுக்கும், ஆகையால் அந்த மாதங்களில் லோனாவாளா வழியே நல்லது.

தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தலையில் மாட்டும் டார்ச், கூடாரத்துக்கு அடியில் விரிக்க ஒரு தார்ப்பாய், குளிருக்குக் கனத்த போர்வை, குப்பையைத் திருப்பிக் கொண்டுவர இரண்டு பைகள். இவை இருந்தால் போதும். மலையில் கைப்பேசிக்கு எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்தை அடித்துவிடுங்கள். சரிவில்லாத இடமா என்று அறிய, விரித்த தார்ப்பாயில் ஒருமுறை படுத்துப் பார்ப்பது எளிய வழி. எங்கள் முதல் பயணத்தில் இதைச் செய்யாமல், இரவெல்லாம் நான்கு பேரும் ஒரே மூலைக்கு உருண்டுகொண்டிருந்தோம். வாசல் பள்ளத்தாக்கைப் பார்த்து அழகாக இருக்கட்டும் என்று வைக்கத் தோன்றும். காற்று அங்கிருந்துதான் வரும், எனவே முதுகுப் பக்கத்தை அதற்குக் காட்டுங்கள். காலணிகளை உள்ளே வையுங்கள், காலையில் கவிழ்த்துத் தட்டிய பிறகே காலை நுழையுங்கள். தேளுக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. இந்த மலைகளில் சுருட்டை விரியனும் உண்டு. கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது; கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், ஊராரிடம் வண்டி கேட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108ஐயும் அழைக்க வேண்டும்.

சாப்பாட்டை உதேவாடி வீடுகளில் முன்கூட்டியே சொல்லி வைத்தால், இரவில் சூடான பாக்ரியும் (தானிய மாவு ரொட்டி) பிட்லாவும் (கடலைமாவுக் குழம்பு) கிடைக்கும். சமைத்துத் தரும் வீட்டு மௌஷியிடம் (மராத்தியில் சித்தி, பெரியம்மா) முதலிலேயே விலையைக் கேட்டுக்கொண்டு, பேரம் பேசாமல் கொடுங்கள். கையோடு கொண்டுபோவதற்குப் புளிசாதம் போல ஒன்றில்லை. தயிர்சாதம் ஏற்றத்தின் பாதியிலேயே புளித்துவிடும். முற்றத்தில் நெருப்பு மூட்ட விரும்பினால் வீட்டாரைக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் மூட்டுங்கள், ஏனெனில் நவம்பருக்குப் பிறகு மலைப்புல் முழுவதும் காய்ந்து ஒரு பொறிக்குக் காத்திருக்கும். ஒலிபெருக்கியும் மதுவும் வேண்டாம். அங்கே உறங்குவோர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

ஐந்து மணிக்கு எழுந்து, டார்ச்சோடு காலபைரவர் கோயில் வரை போய், வெளுக்கத் தொடங்கியதும் அங்கிருந்து ஸ்ரீவர்தனுக்கு ஏறுங்கள். சுமார் 900 மீட்டர் உயரமுள்ள உச்சியில் நின்றால் கிழக்கே ஷிரோட்டா ஏரியில் முதல் வெளிச்சம் விழும், தொலைவில் லோஹகட் கோட்டை தெரியும். 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில் லோஹகட் ஒன்று. அதே பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பது நம் செஞ்சி. சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பி வந்து, முகலாயர் முற்றுகையை ஆண்டுக்கணக்கில் தாங்கியது அங்கேதான். உடன் வரும் சிறுவர்களுக்கு இந்தக் கதையை அந்த உச்சியிலேயே சொல்லுங்கள். மதிலின் விளிம்பில் மட்டும் யாரையும் ஏறவிட வேண்டாம், கற்கள் தளர்ந்திருக்கின்றன.

இறங்கி வந்ததும் பனியில் நனைந்த கூடாரத்தை அரை மணி நேரம் வெயிலில் உலர்த்தி மடியுங்கள். முளைகளை எண்ணுங்கள், புல்லில் விட்டுப்போன ஒரு முளை அந்த வீட்டு மாட்டின் குளம்பைக் கிழிக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மௌஷியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம்.