ஏஐ எழுதிய செயலியை வெளியிடுமுன் சாவிகளைச் சரிபாருங்கள்

2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி ‘வைப் கோடிங்’ என்று பெயர் சூட்டிய, நிரலை ஏஐயிடமே எழுதச் சொல்லும் முறையில், கர்சர், கிளாட் கோட் போன்ற ஏஐ கருவிகளைக் கொண்டு தாமே செயலியை உருவாக்கி வெளியிடும் புராடக்ட் மேனேஜர்கள் இன்று பலர் உள்ளனர். வெளியீட்டுக்கு முன் அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஏபிஐ சாவிகள் (வெளிச் சேவைகளைச் செயலி பயன்படுத்தத் தேவையான, கடவுச்சொல் போன்ற குறியீடுகள்) எங்கே இருக்கின்றன என்பதைத்தான்.

பிரவுசரில் இயங்கும் நிரலில் உள்ள எந்தச் சாவியையும், அந்தப் பிரவுசரிலேயே உள்ள டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரிந்த எவரும் எடுத்துவிடலாம். ஆகவே ரகசியச் சாவிகளைச் சர்வரில் மட்டுமே வைத்து, அவை அடங்கிய கோப்பை, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியில் முதல் கமிட்டுக்கு (பதிவுக்கு) முன்பே, அக்கருவி தவிர்க்க வேண்டிய கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்த்துவிட வேண்டும். ஒருமுறை கமிட் ஆன சாவி, கோப்பிலிருந்து அழித்த பின்னும் கிட் வரலாற்றில் தங்கிவிடும் என்பதால், அதை ரத்துசெய்து புதிய சாவி பெறுவதே சரியான வழி. ‘நீக்கிவிட்டேன்’ என்று ஏஐ சொல்லும் ஆறுதல் இங்கே உதவாது.

சூபாபேஸ் என்ற தரவுத்தளச் சேவையைப் பயன்படுத்துவோருக்கு நிலைமை சற்று வேறு. அதன் பொதுச் சாவி பிரவுசரில் தெரிவதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு அட்டவணையிலும் வரிசைவாரியாக அனுமதி பார்க்கும் ‘ரோ லெவல் செக்யூரிட்டி’ இயக்கப்பட்டு, யார் எதைப் படிக்கலாம் என்ற விதியும் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை ஓரளவு சோதிக்க நிரலறிவு தேவையில்லை: ஒரு கணக்கில் திறந்த ஆவணத்தின் முகவரியை வேறொரு கணக்கில் ஒட்டிப் பாருங்கள். ஆவணம் தெரிந்தால் வெளியீட்டைத் தள்ளிவையுங்கள். தெரியாவிட்டாலும், திரை மட்டுமே அதை மறைத்திருக்கக்கூடும் என்பதால், டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் சர்வர் அனுப்பிய பதிலையும் திறந்து பார்த்துவிடுங்கள்.