"இரண்டு மட்டும் மாற்றினால் போதும்": வேகக் கார் பிரியர்கள் டயரில் செய்யும் தவறுகள்

தெரிந்த பையன் ஒருவன் தன் முதல் ஸ்போர்ட்ஸ் செடானின் படங்களை எனக்கு அனுப்பியிருந்தான். சைலன்சர் மாற்றியாயிற்று, இன்ஜின் கணினிக்குப் புது மென்பொருள் ஏற்றியாயிற்று, முன்பக்க பிரேக் தட்டுகள் பெரிதாகியிருந்தன. மொத்தம் பதினொரு படங்கள். ஒன்றில்கூட டயர் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள், தெரியவில்லை. கேட்டேன். "பின்னால் இரண்டும் புதிது அண்ணா. முன்னால் இருப்பவை இன்னும் ஒரு வருடம் ஓடும்" என்றான்.

அது இன்ஜின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகும் கார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் இதே வாக்கியத்தை, இதே பெருமிதத்தோடு, நான் சொல்லியிருக்கிறேன்.

காற்று பாருங்கள், வழுக்கையாகிப்போன டயரில் மழையில் போகாதீர்கள், போல்ட்டுகளை ஒழுங்காக முறுக்குங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை தெரியாமல் முன்னூறு குதிரைத்திறன் காரை வாங்கியவரை ஒரு கட்டுரை திருத்தாது. தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்தான் என்னை உறுத்துகின்றன.

ஒரு ஜோடி புதிது, ஒரு ஜோடி பழையது

என் கதை இது. பழைய கார்தான் வாங்கினேன். நான்கு சக்கர இயக்கம், டர்போ இன்ஜின், மழையிலும் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடும். ஒரு நாள் பின்பக்க டயர் ஒன்றின் பக்கச்சுவர் கிழிந்தது. முன்பக்க டயர்களில் இன்னும் 4 மில்லிமீட்டர் பட்டன் மிச்சம். கடைக்காரர் சொன்னார்: "ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும் சார். புதியதைப் பின்னால் போட்டுவிடுவோம்."

அவர் சொன்னது தவறான ஆலோசனை அன்று. இரண்டு சக்கரங்கள் மட்டும் இயங்கும் காருக்கு அது மிகச் சரி. ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும்; வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்பக்கம் வழுக்கினால் கார் பம்பரமாகிவிடும். அதனால்தான் நல்ல ஜோடி பின்னால் போக வேண்டும் என்கிறார்கள். நான் அந்த நல்ல ஆலோசனையைத் தவறான காருக்குக் கேட்டுக்கொண்டேன்.

கணக்கைப் பாருங்கள். என் டயர் அளவு 235/40 ஆர்18: அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம். விட்டம் சுமார் 645 மில்லிமீட்டர், சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். புது டயரில் 8 மில்லிமீட்டர் பட்டன், பழையதில் 4. ஆரத்தில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சுற்றளவில் 25 மில்லிமீட்டர். அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட ஆறு சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். சக்கரம் ஒரு முறை சுற்ற, அதற்குச் சக்தி தரும் தண்டு ஏறக்குறைய மூன்று முறை சுற்றும். ஆக, முன் தண்டுக்கும் பின் தண்டுக்கும் இடையே கிலோமீட்டருக்குப் பதினெட்டு சுற்று வித்தியாசம். நூறு கிலோமீட்டர் பயணத்துக்கு ஆயிரத்து எண்ணூறு. டயர் நசுங்கி ஓடுவதால் சாலையில் இந்த எண் கொஞ்சம் மாறும், திசை மாறாது.

அந்த வித்தியாசத்தை விழுங்குவது யார்? நடுவில் உட்கார்ந்து முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ். என் காரில் அதனுள் எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகள். வளைவில் திரும்பும்போது முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும் அல்லவா, அந்தச் சில விநாடிகளுக்கு வழுக்கிக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. நான் அவற்றை நேர்ச்சாலையில், நாள் முழுக்க, பாதி அழுத்திய நிலையில் உரச வைத்துக்கொண்டிருந்தேன். சில கார்களில் தட்டுகளுக்குப் பதில் பிசுபிசுப்பான திரவம் இருக்கும். அது சூடேறிக் கெடும். சிலவற்றில் பல்சக்கரங்கள், அவை தேயும். வழி வேறு, முடிவு ஒன்றுதான்.

முதல் அறிகுறி மிகச் சிறியது. வண்டியை நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிடுவதுபோல் ஒரு தத்தல். வீல் அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்தேன். சரி செய்தேன். போகவில்லை. இன்னோரிடத்தில் மறுபடியும் சரி செய்தேன். மூன்றாவது மாதம் எச்சரிக்கை விளக்கு. அப்போதும் சென்சார் கெட்டுவிட்டது என்று மூன்று நண்பர்களிடம் வாதாடினேன்.

கடைசியாகப் பார்த்த மெக்கானிக் காரைத் தூக்கவே இல்லை. குனிந்து முன் டயர் பட்டனில் விரலை வைத்தார், பின் டயரில் வைத்தார். "எப்போது மாற்றினீர்கள்?" அவ்வளவுதான். எண்ணெயை வடித்தபோது மையாக இறங்கியது. வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளிப்பொடி தூவியதுபோல் மின்னியது. அந்த மினுமினுப்பு என் கிளட்ச் தட்டுகள். பழுதுக்கான செலவில் நான்கு புது டயர்களை மூன்று முறை வாங்கியிருக்கலாம். அதற்கும் மேல், கடைசியில் நான்கு டயர்களையும் வாங்கத்தான் வேண்டியிருந்தது.

இன்றும் எரிச்சல் மூட்டுவது பணம் அன்று. டாஷ்போர்டுப் பெட்டியில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே கிடந்த கையேட்டில், நான்கு டயர்களும் ஒத்திருக்க வேண்டும் என்று அச்சாகியிருந்தது. டர்போ அழுத்தத்தைத் தசம புள்ளியோடு ஒப்பிக்கத் தெரிந்த நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

வரம்பு எவ்வளவு கறாரானது என்பதற்கு ஓர் உதாரணம்: சுபாரு தன் கார்களுக்குச் சொல்லும் அளவு, நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது. பட்டன் ஆழத்தில் அது வெறும் 1 மில்லிமீட்டர். மற்ற நிறுவனங்களின் வரம்பு கூடக்குறைய இருக்கும். உங்கள் கையேட்டில் பாருங்கள். பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அளவு ஒன்றாக இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரே 235/40 ஆர்18 இரண்டு நிறுவனங்களின் கையில் இரண்டு உண்மையான விட்டங்களாக வரும். பிஎம்டபிள்யூவின் நட்சத்திரக் குறி, மெர்சிடீஸின் 'எம்ஓ', போர்ஷேயின் 'என்' ஆகியவை பக்கச்சுவரில் அலங்காரத்துக்காகப் பொறிக்கப்படவில்லை. அந்தக் கார்களுக்கென்று சோதித்து ஏற்ற டயர் என்று பொருள்.

ஒரு டயர் மட்டும் வீணானால்? மற்ற மூன்றும் புதிதாக இருந்தால் அதே மாடலில் ஒன்று வாங்கலாம். பாதி தேய்ந்திருந்தால், சில நாடுகளில் புது டயரை மற்றவற்றின் அளவுக்குச் சீவித் தருகிறார்கள், அதைத் தேடுங்கள். இல்லையென்றால் நான்கும் மாற்ற வேண்டியதுதான். முன்னும் பின்னும் ஒரே அளவுள்ள கார் என்றால் கையேடு சொல்லும் இடைவெளியில் டயர்களை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். நான்கும் சேர்ந்து மூப்படையும். ஒல்லியான ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களும் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

ஸ்பீடோமீட்டர் தரும் சலுகை

"ஸ்பீடோமீட்டர் எப்போதும் கூட்டித்தான் காட்டும், அதனால் வரம்புக்கு மேல் ஐந்தாறு போகலாம்." வேகக் கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. பாதி உண்மை. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குவிதி 39-இன்படி, ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்து சதவீதத்தோடு 4 கிலோமீட்டர் வரை. உண்மையில் நூறில் போகும்போது 114 காட்டினாலும் சட்டப்படி சரி.

ஆனால் அந்தச் சலுகை தொழிற்சாலை போட்ட டயரோடு வருவது. 225/45 ஆர்17 இருந்த இடத்தில் தோற்றத்துக்காக 245/45 ஆர்18 மாட்டுகிறார் நம் ஆள். விட்டம் 634-லிருந்து 678 மில்லிமீட்டராகிவிட்டது. ஏறத்தாழ ஏழு சதவீதம். முன்பு மீட்டரில் 100 என்றால் உண்மை வேகம் 96 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 103-ஐ நெருங்குகிறது. மேலே ஐந்தாறு போகலாம் என்ற பழைய நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. கேமராவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. 18 அங்குல ரிம்தான் வேண்டுமென்றால் 225/40 போட்டிருக்கலாம், விட்டம் 637.

ஐந்து, பத்து, இருபது என்று கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரே டயர், ஒரே பிரேக், ஒரே இடத்தில் அழுத்தத் தொடங்குகிறார்கள். ஒருவர் 100-இல், இன்னொருவர் 120-இல். முதலாமவர் முழுக்க நின்றுவிட்ட அதே புள்ளியில் இரண்டாமவர் இன்னும் 66 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். வேகத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது. கையில் எவ்வளவு லாகவம் இருந்தாலும் இதில் தள்ளுபடி கிடையாது.

"நான் 210-க்கு மேல் போவதே இல்லை"

அதனால் 'எச்' குறியீட்டு டயர் போதும் என்று வாங்குகிறார்கள். இந்த எழுத்து வேகக் குறியீடு: 'எச்' மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, 'வி' 240, 'டபிள்யூ' 270, 'ஒய்' 300. இது வெறும் உச்சவேக எண் இல்லை. அந்த வேகத்தின் சூட்டை டயரின் உடற்கட்டு தாங்கும் என்பதற்கான சான்று. குறைந்த குறியீட்டு டயர் பல சமயம் வளைவிலும் மந்தமாகத் திரும்பும். பக்கத்திலேயே இருக்கும் சுமைக் குறியீட்டை யாரும் பார்ப்பதில்லை. 95 என்றால் ஒரு டயருக்கு 690 கிலோ, 91 என்றால் 615. கார் தயாரிப்பாளர் சொன்னதற்குக் கீழே போனால், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்துடன் பேசும்போது உங்கள் குரல் எடுபடாது.

பிறந்த தேதி

பக்கச்சுவரில் 'டிஓடி' எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் நிறைய இருக்கும் பழைய டயர்தான் ஆபத்தானது, ஏனென்றால் பார்க்கப் புதிதாக இருக்கும். வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வார இறுதிக் கார்களில் இதுதான் நடக்கிறது. நடிகர் பால் வாக்கர் 2013-இல் இறந்த போர்ஷே கரேரா ஜிடி விபத்தில், மணிக்கு 130 முதல் 150 கிலோமீட்டர் வரையிலான வேகத்தோடு, ஒன்பது வருடப் பழைய டயர்களையும் விசாரணை அதிகாரிகள் குறிப்பிட்டார்கள். அந்தச் சாலையின் வரம்பு சுமார் 72.

டிராக்கிலிருந்து வீடு வரை

ரேஸ் டிராக்கில் நான்கு சுற்று ஓடினால் டயரின் காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐயிலிருந்து 40 ஆகிவிடும். சூட்டோடு 34-க்கு இறக்குவோம். அதில் தவறில்லை. மறுநாள் காலை டயர் ஆறியதும் அது 27-ஆக இருக்கும் என்பதை மறந்து, மழையில் வேலைக்குக் கிளம்புவதுதான் தவறு. நான் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1960-களில் நாசா ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தச் சூத்திரப்படி 32 பிஎஸ்ஐக்கு 94 கிலோமீட்டர் வேகம், 27-க்கு 87. விமான டயர்களுக்குப் போட்ட கணக்கு. காருக்கு அட்சர சுத்தமாகப் பொருந்தாது. அகலமான, பட்டன் ஆழம் குறைந்த டிராக் டயர் என்றால் உங்கள் நிலைமை இன்னும் மோசம்.

கூடவே ஒன்று. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே என்ற ரேஸ் பாதை, 20.8 கிலோமீட்டர், சுற்றுலா ஓட்ட நேரங்களில் சட்டப்படி கட்டணச் சாலைதான். அங்கேயும் இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். ஆனால் சாலைதானே என்று நினைத்துப் போனவர்களின் காப்பீடு பல சமயம் அப்படி நினைத்துக்கொள்வதில்லை.

பக்கச்சுவரில் பஞ்சர்

ஒட்டாதீர்கள்.

கோடை டயரில் குளிர்காலம்

7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

பொதுச்சாலையில் போட்டி

இதற்குத் தலைப்புக் கொடுத்ததே அதிகம்.

அந்தப் பையனிடம் பட்டன் ஆழத்தை அளந்து அனுப்பச் சொன்னேன். முன்னால் 4.5, பின்னால் 7.8. "வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக வேண்டும் அண்ணா, போக வர நானூறு கிலோமீட்டர்தான். வந்து மாற்றிவிடுகிறேன்" என்றான். நானூறு கிலோமீட்டரில் இரண்டு தண்டுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறாயிரம் சுற்று வித்தியாசம் வரும் என்று பதில் எழுதினேன். இரண்டு நாள் பேச்சில்லை. ஊருக்கு பஸ்ஸில் போனதாகக் கேள்வி.