டிரிக்கோவைப் பழக்கும் முறை: ‘தி லாஸ்ட் கார்டியன்’ ஆடுவோருக்கு

‘தி லாஸ்ட் கார்டியன்’ வீடியோ விளையாட்டில் நாம் ஆட்டுவிப்பது ஒரு சிறுவனை; அவனுக்குத் துணையாக வரும் பெரிய மிருகம்தான் டிரிக்கோ. இந்த விளையாட்டைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியவர்களைக் கேட்டால், எனக்குத் தெரிந்த அளவில் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: டிரிக்கோ சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கோடை விடுமுறைக்குப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகனும் இரண்டாம் நாளே, “மாமா, இந்த கேம் சரியில்ல” என்று சொல்லிக் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். மீண்டும் ஆடச் சொல்லி அருகில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரிலிருந்த தூணின் மேல் டிரிக்கோ தாவ வேண்டும். அவன் டிரிக்கோவை அழைக்கும் ஆர்1 பொத்தானை நொடிக்கொரு முறை அழுத்திக்கொண்டிருந்தான். டிரிக்கோ தூணைப் பார்க்கும், உடலைத் தாழ்த்திப் பதுங்கத் தொடங்கும், அடுத்த அழைப்பு வந்ததும் தலையைத் திருப்பி விளையாட்டிலுள்ள சிறுவனைப் பார்க்கும். தாவ இருந்த மிருகத்தை ஒவ்வொரு முறையும் அக்கா மகனே தடுத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்தில் யானையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நெம்மாறை வேலா என்ற கோயில் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்த யானை ஒன்று, ஓடையின் மேல் போட்டிருந்த சிமென்ட் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டதை ஒருமுறை கண்டேன். பாகன் இடப்பக்கம் ஒதுங்கச் சொல்லும் “இடத்தானே” என்ற கட்டளையை ஒரே ஒரு முறை சொன்னார்; அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. யானை தும்பிக்கையால் பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்து, முன்காலை வைத்து எடுத்து, மறுபடியும் வைத்து, தன் பாரத்தைத் தாங்கும் என்று தெரிந்துகொண்ட பிறகே இடப்பக்கமாக ஒதுங்கிக் கடந்தது. டிரிக்கோவுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியது இந்த அவகாசத்தைத்தான்.

2009இல் அறிவிக்கப்பட்டு, 2016 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4இல் வெளிவந்த இந்த விளையாட்டை இயக்கியவர் ஃபுமிதோ உவேதா. 16 பெரும் பூதங்களைத் தேடிச்சென்று வீழ்த்தும் விளையாட்டை 2005இல் தந்தவரும் அவரே. இங்கே அவர் ஒரே ஒரு பெரிய மிருகத்தை நம் பக்கத்தில் நிறுத்தி, அதன் நம்பிக்கையைப் பெறும் வேலையை நமக்குத் தருகிறார். ஜப்பானியத் தலைப்பு டிரிக்கோவை மனிதரைத் தின்னும் பெருங்கழுகு என்று அழைக்கிறது. தொடக்கத்தில் அது அப்படித்தான் தோன்றும்: சங்கிலியில் கட்டுண்டு, கொம்புகள் முறிந்து, உடலில் ஈட்டிகள் தைத்த நிலையில், நெருங்கும் சிறுவனைப் பார்த்து உறுமும்.

முதல் வேலை உணவு. நீல ஒளி கசியும் பீப்பாய்களே அதன் இரை. அவற்றைத் தூக்கிக்கொண்டு நேரே முகத்தருகில் போகாதீர்கள். சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் பின்வாங்கி நில்லுங்கள். கட்டிக் கிடக்கும் விலங்கு அந்நியனின் கையிலிருந்து எடுத்துத் தின்னாது. சிறிது பழகிய பிறகு பீப்பாயை வீசினால் வாயாலேயே பிடிக்கும். அந்த நாள் வரும்வரை அவசரப்பட வேண்டாம். வழியில் பீப்பாய் தென்பட்டால், பாதையைவிட்டுச் சற்று விலகிச் செல்ல நேர்ந்தாலும், எடுத்துவந்து கொடுத்துவிடுங்கள்.

கட்டளைகள் கதை சற்று நகர்ந்த பிறகே வரும். ஆர்1ஐ அழுத்தினால் சிறுவன் டிரிக்கோவை அழைப்பான். ஆர்1ஐப் பிடித்துக்கொண்டு இடப்பக்க ஸ்டிக்கைச் சாய்த்தால் திசை காட்டுவான். ஆர்1உடன் முக்கோணப் பொத்தானைச் சேர்த்தால் தாவச் சொல்வான். கட்டளை கொடுக்கும் முன் டிரிக்கோவின் முகம் போக வேண்டிய பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கேமராவையும் அதே பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு ஒருமுறை சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். காதுகள் நிமிர்ந்து, பார்வை ஓர் இடத்தில் நிலைத்து, பின்னங்கால்கள் மடங்கினால் அது புரிந்துகொண்டுவிட்டது என்று பொருள். அப்போது எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. நீங்கள் அதன் முதுகில் இருந்தால் இறகுகளைப் பற்றிக்கொண்டால் போதும். சில இடங்களில் நீங்கள் சொல்லாமலே அது வழியைக் கண்டுபிடித்து, சுவரில் முன்கால்களை ஊன்றி நிற்கும். அது உங்களுக்கான ஏணி. மேலிருந்து வாலைத் தொங்கவிட்டால் அதைக் கயிறாகக் கொள்ளலாம். என்ன செய்தும் வழி புலப்படாவிட்டால் சற்று நேரம் சும்மா இருங்கள். பெரியவனான அந்தச் சிறுவனின் குரலே கதை சொல்வதுபோல் ஒரு குறிப்பைத் தரும்.

மிகுதியானோர் சிக்கிக்கொள்வது தண்ணீரில். டிரிக்கோ முதலில் ஆழமான நீரில் இறங்க அஞ்சும். அங்கே கட்டளை எடுபடாது. பீப்பாயைத் தண்ணீரில் வீசி, இரையின் ஆசையால் இறங்கச் செய்ய வேண்டும். பின்னால் அது உங்களைச் சுமந்துகொண்டு நீருக்கடியில் மூழ்கிச் செல்ல வேண்டிய இடம் வரும்போது, நீந்தி அலைந்து அதைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதால் பயனில்லை. முதுகில் ஏறி இறுகப் பற்றிக்கொண்டு, திசையை ஒருமுறை காட்டிவிட்டுக் காத்திருங்கள். அக்கா மகன் இந்த இடத்தில்தான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, இரு கைகளையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். டிரிக்கோ நீரை மோந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தலையை அமிழ்த்தியது.

கண் வடிவில் செய்த வண்ணக் கண்ணாடிகளைக் கண்டாலும் அது அடி எடுத்து வைக்காது. இது பிடிவாதமல்ல, அச்சம். எனவே அழைப்பதை நிறுத்திவிட்டு, நீங்கள் தனியே சென்று அந்தக் கண்ணாடியைத் தள்ளி வீழ்த்தவோ உடைக்கவோ வேண்டும்.

கவச வீரர்களோடு மோதும்போது சிறுவனிடம் வாளோ வில்லோ கிடையாது. அவர்கள் உங்களைத் தூக்கி நீல ஒளி வீசும் கதவை நோக்கிச் செல்வார்கள். பொத்தான்களை மாறி மாறி வேகமாக அழுத்தி உதறிக்கொண்டு, டிரிக்கோ இருக்கும் பக்கமே ஓடுங்கள். அவர்களில் யாரேனும் கண்ணாடிக் கண்ணைப் பிடித்திருந்தால் டிரிக்கோ அருகே வராது. முதலில் அதைத் தட்டிவிடுவதே உங்கள் பங்கு.

சண்டை முடிந்ததும் கதவைத் தேடி ஓடிவிடுவது பெரும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். எதிரிகள் நொறுங்கிய பின்னும் டிரிக்கோவின் வெறி அடங்காது. சிதறிக் கிடக்கும் கவசங்களை மிதித்துக்கொண்டே இருக்கும், அப்போது அது எந்தக் கட்டளையையும் கேட்காது. மேலே ஏறிக் கழுத்தையும் தலையையும் நீவிக் கொடுங்கள். மூச்சு சீராகி, உடல் தளர்ந்த பிறகு ஈட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். பிடுங்கும்போது துள்ளும், அதனால் இன்னொரு கையின் பிடி தளராமல் இருக்கட்டும். முதுகில் தெரிவதை மட்டும் எடுத்துவிட்டு இறங்கிவிடாமல், விலாவையும் பின்தொடையையும் ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். அடர்ந்த இறகுகளுக்கு நடுவே ஒரு ஈட்டியாவது கண்ணுக்குத் தப்பி நின்றுகொண்டிருக்கும்.